முத்துக் கொடுத்தவள்

தருண்பாண்டிக்குக் கத்தரிக்காய் ஆகாமல் போன அன்றுதான், தன் கணவனுக்குள் இன்னொருத்தி இருக்கிறாள் என்று யோகஸ்ரீக்கு முதன்முதலாகத் தோன்றியது.

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு என்றால் தட்டை வழித்துச் சாப்பிடுகிற ஆள் அவன். அவளைப் பெண் கேட்டதற்கே அந்தக் குழம்புதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அன்றைக்கு நாலு வாய் சாப்பிடுவதற்குள் உதடு தடித்துவிட்டது. கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து, பேச்சு குழறியது. யோகஸ்ரீ அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் மருந்து வாங்கும் சிகிச்சை மையத்துக்கு ஓடினாள்.

டாக்டர் பெனாசிர் ஒரு ஊசி போட்டு அரிப்பை அடக்கிய பிறகு, இது முத்து வாங்கியவர்களில் சிலருக்கு வருவதுதான் என்றார். “கொடுத்தவங்க உடம்புக்கு எது ஆகாதோ, அதுவும் சில சமயம் ஒட்டிக்கிட்டு வந்துரும். பயப்பட ஒண்ணுமில்ல. இனிமே கத்தரிக்காய் வேண்டாம்.”

“கொடுத்தது ஆம்பளையா பொம்பளையா டாக்டர்?”

“அதைச் சொல்லக் கூடாதும்மா.”

சொல்லக் கூடாது என்று டாக்டர் சொன்ன தோரணையிலேயே அது பெண்தான் என்று யோகஸ்ரீ முடிவு கட்டிவிட்டாள். இளம் பெண் என்றும், பார்க்க லட்சணமாக இருப்பாள் என்றும் ஆட்டோவில் திரும்பி வரும்போது தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

முத்து என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். மணல்வாரி அம்மை உலகத்தை விட்டே போய்விட்டது என்று எல்லோரும் நம்பி, பிள்ளைகளுக்கு ஊசி போடுவதில் மெத்தனமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த இடைவெளியில் அது திரும்பி வந்தது. முன்னைவிட வேகமாகப் பரவியது. பிள்ளைகளுக்கு அவசரமாக ஊசி போட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எச்.ஐ.வி.யோடு வாழ்கிற பெரியவர்கள். அம்மை ஊசி உயிருள்ள கிருமியை வைத்துச் செய்தது, எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அதைப் போட முடியாது. கொஞ்சம் தேறியவர்களுக்குப் போட்டுப் பார்த்தால் பல பேருக்கு அது பிடிக்கவே இல்லை.

யோகஸ்ரீயும் தருண்பாண்டியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியில் வைரஸ் என்னவோ அடங்கித்தான் கிடந்தது. ஆனால் இரண்டு பேருமே மருந்துக்குப் பிந்தி வந்தவர்கள். சின்ன வயதில் போட்ட ஊசிகளை அவர்கள் உடம்பு மறந்துபோயிருந்தது. தருண்பாண்டி மினி பஸ் நடத்துநர் என்பதால் டாக்டர் அவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். “பஸ் ஓடுது. புது கண்டக்டரும் ஏறிட்டாரு. ஆனா டிக்கெட் எடுக்காம ஏமாத்துறவன் யாருன்னு பழைய கண்டக்டருக்குத்தான் தெரியும். அவரு வேலையை விட்டுப் போயிட்டாரு.”

அந்தப் பழைய கண்டக்டரைத்தான் இன்னொருவர் உடம்பிலிருந்து கூட்டி வந்து ஏற்றினார்கள். சின்ன வயதில் உண்மையாகவே மணல்வாரி வந்து பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து, அந்த நோயை நினைவு வைத்திருக்கும் அணுக்களை மட்டும் பிரித்து, ஆய்வகத்தில் வளர்த்து, பொருந்துகிற ஒருவருக்கு ஏற்றுவது. அரசாங்கம் இதற்கு நோய்நினைவுக் கொடை என்று பெயர் வைத்தது. ஊர் வாய்க்கு அது நுழையவில்லை. அம்மை என்றால் முத்துதானே, அதனால் முத்துக் கொடுத்தார்கள், முத்து வாங்கினார்கள் என்றே பேச்சு நிலைத்தது.

கொடுப்பதற்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அம்மை வந்தவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டால் கோவில்பட்டியில் பாதி ஊர் திரண்டு வந்தது. நம் பாஷையில் எல்லாம் அம்மைதான். கொப்புளம் போட்ட சின்னம்மைக்காரர், இடுப்பில் அக்கி படர்ந்தவர், தாடை வீங்கி அம்மைக்கட்டில் கிடந்தவர், எல்லோரும் எனக்கும் வந்திருக்கு என்று கை நீட்டினார்கள். பரிசோதித்துப் பார்த்தால் மணல்வாரி என்று தேறியவர்கள் ஒரு ஆட்டோவுக்குள் அடங்கிவிடுவார்கள்.

யோகஸ்ரீயும் அப்படிக் கை நீட்டியவள்தான். எனக்குச் சின்னப் பிள்ளையிலேயே அம்மா வந்து போயிட்டா, என்கிட்டருந்து எடுத்து அவுகளுக்குக் குடுங்க என்று டாக்டர் முன்னால் அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். எச்.ஐ.வி. உள்ளவர் கொடுக்க வேண்டுமென்றால் கூடுதலாகச் சில சோதனைகள் உண்டு, அதற்கும் தயாராக இருந்தாள். முடிவு வந்தது. அவளுக்கு வந்தது அம்மைக்கட்டாம். தன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு அவனைக் காப்பாற்றும் என்று நினைத்திருந்தவளுக்கு அது பெரிய அடி. வேறொருத்தியின் சொட்டு போய் அவனைக் காப்பாற்றியது அதைவிடப் பெரிய அடி.

முத்து ஏறிய பிறகு தருண்பாண்டிக்குப் பச்சை விளக்கு வந்துவிட்டது. பஸ் வாசலில், சினிமாக் கொட்டகையில், கல்யாண மண்டபத்தில், எங்கே போனாலும் ஒரு பெட்டி இருக்கும். விரலை வைத்தால் எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்குப் பச்சை எரியும், இல்லாதவருக்கு மஞ்சள். மஞ்சள் எரிந்தால் உள்ளே விடமாட்டார்கள். மஞ்சள் யாருக்கெல்லாம் எரியும் என்பதும் ஊருக்குத் தெரியும், அதனால் விரலை வைக்கவே கூசிக்கொண்டு பல பேர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். யோகஸ்ரீக்கும் மஞ்சள்தான். தருண்பாண்டி தலையைப் படிய வாரிக்கொண்டு கழுகுமலை பஸ்ஸுக்குக் கிளம்புவதை அவள் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் பஸ்ஸில் அவளே ஏற முடியாது. ஊரில் உள்ள மற்ற பெண்கள் எல்லோரும் ஏறலாம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டது இதே மையத்தின் வரிசையில்தான். கல்யாணம் பேசிய அன்று யோகஸ்ரீயே ஒரு நிபந்தனை போட்டாள். யாருகிட்டருந்து வந்துச்சுன்னு நீங்களும் கேக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டேன் என்றாள். அவன் சரி என்றான். அவன் அதை அன்றோடு மறந்துவிட்டான். இவளோ அந்தக் கேள்வியைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதை மறுக்க முடியாது. ஆனால் வைரஸ் கொடுத்தது யார் என்றுதானே கேட்கக் கூடாது? முத்துக் கொடுத்தது யார் என்று கேட்கக் கூடாதென்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. இத்தனை வருஷம் அடக்கிய கேள்வியெல்லாம் இந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு வந்தது.

கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். மையத்தில் ஆண்டு விழா வந்தது, முத்துக் கொடுத்தவர்களையும் அழைத்திருந்தார்கள். மஞ்சள்காரர்களும் வந்து போகிற ஒரே இடம் அதுதான், முற்றத்தில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டுச் சாப்பாடு போட்டார்கள். சாம்பாரில் கத்தரிக்காய் கிடந்தது. யோகஸ்ரீ சாப்பிடவே இல்லை, ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி கத்தரிக்காய்த் துண்டுகளை விரலால் ஒதுக்கி இலை ஓரத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் எனக்கு இது ஆகாது, உதடு வீங்கிரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெயர் வைஷாலி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, கணவர் சரக்குக் கப்பலில். நினைத்தபடியே லட்சணமாக இருந்தாள். யோகஸ்ரீ நேரே போய் முன்னால் நின்று, நீதான் எங்க வீட்டுக்காரருக்கு முத்துக் கொடுத்தவளா என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் திடுக்கிட்டு, விதிமுறைகளை நினைத்து ஒரு நிமிஷம் தயங்கி, பிறகு எழுந்து நின்று கேட்டாள்.

“அண்ணனுக்கு உடம்பு நல்லா இருக்கா அக்கா?”

அண்ணன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் யோகஸ்ரீக்கு உயிர் திரும்பி வந்தது. எட்டிப் பிடித்துக்கொண்டாள். நீ அவுகளை அண்ணன்னு கூப்பிட்டேன்னா எனக்கு நீ நாத்தனார், என்னை மதினின்னு கூப்பிடு என்று அங்கேயே முறை வைத்துவிட்டாள். வைஷாலி கூடப் பிறந்தவர்கள் இல்லாத பெண். சரிங்க மதினி என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து யோகஸ்ரீ அதை ஊருக்கே பறை சாற்றினாள். ஒரே முத்து இருந்தால் கூடப் பிறந்தவர்கள் மாதிரிதான் என்று எதிர்வீட்டு இலக்கியாவுக்கு விளக்கம் சொன்னாள். பொங்கலுக்கு நாத்தனாருக்குச் சேலை எடுத்தாள். தருண்பாண்டி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான், அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தங்கச்சி என்றால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் இரவில் ஓரளவு தூக்கம் வந்தது. ஊரிலும் அவள் சொன்னது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. ஒரே ஆளிடம் முத்து வாங்கின இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேசப் போய், அண்ணன் தங்கச்சி முறை வருதே என்று கலைந்து போனதாகக்கூடக் கேள்வி.

தருண்பாண்டி முத்து வாங்கிய மூன்றாம் வருஷத்தில் டாக்டர் பெனாசிர் யோகஸ்ரீயைக் கூப்பிட்டு அனுப்பினார். அவளுடைய எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. அம்மையோ எட்டயபுரம் வரை வந்துவிட்டது. இவ்வளவு நாள் தேடியதில் அவளுக்குப் பொருந்துகிற முத்து ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அது வைஷாலியுடையது. இன்னும் ஒரு தடவை கொடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் கொடுத்தவளுக்கே மறந்துபோகும் என்றார் டாக்டர்.

யோகஸ்ரீ வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் வாயே அவளை மாட்டிவிட்டிருந்தது. இலக்கியா கொஞ்சமும் இரக்கமில்லாமல் அதை எடுத்துச் சொன்னாள்.

“அவ முத்து உனக்கும் வந்துட்டா, அவ உனக்கும் கூடப் பிறந்தவ. அப்ப நீயும் உன் வீட்டுக்காரரும் அண்ணன் தங்கச்சில்லா ஆயிருவீங்க?”

இதைக் கேள்விப்பட்டு வைஷாலியே வீட்டுக்கு வந்துவிட்டாள். உயிர் போகிற நேரத்தில் முறை பார்ப்பார்களா என்று கெஞ்சினாள். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தாள், பாவம், நல்ல எண்ணத்தில்தான்.

“ஊரு பேசுறதுதான் கஷ்டம்னா, இனிமே நான் உங்களுக்குத் தங்கச்சின்னு வச்சுக்குவோம். உங்களை அக்கான்னு கூப்பிடுதேன். அண்ணனை அத்தான்னு...”

யோகஸ்ரீ எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான். நாத்தனாராக இருந்தவள் ஒரே மூச்சில் கொழுந்தியாளாக ஆகப் பார்க்கிறாள். கேலி பேசலாம், கிண்டல் செய்யலாம், பக்கத்தில் உட்காரலாம், ஊரும் ஒன்றும் சொல்லாது. அண்ணன் தங்கச்சி ஆகிக் கணவனை இழப்பதா, கொழுந்தியாள் வந்து கணவனை இழப்பதா என்று அவள் அன்றெல்லாம் மனசுக்குள் வழக்கு நடத்தினாள். அம்மை வந்து செத்துப்போவது என்ற மூன்றாவது வழி அவளுக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

அப்போதுதான் சுகன்யா இறந்துபோனாள். மருந்து ஊசிக்கு வரும் நாட்களில் யோகஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிற எட்டயபுரத்துப் பெண். அவளுக்கும் மஞ்சள்தான். மணல்வாரி போட்டு நுரையீரலில் இறங்கிவிட்டது. போய் முகம் பார்க்கக்கூட யோகஸ்ரீயை விடவில்லை.

மறுநாள் தருண்பாண்டி பஸ்ஸுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சட்டையைக்கூட மாட்டாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, நீ முத்து வாங்குற வரைக்கும் நானும் வெளிய போகலை என்றான். அவள் ஊர் பேச்சை எடுத்தாள்.

“ஊரு என்னை உனக்கு அண்ணன்னு சொன்னா சொல்லிட்டுப் போகுது யோகா. முதல்ல நீ உசுரோட இரு. அப்புறம் யாரு யாருக்கு என்ன முறைன்னு உக்காந்து சண்டை போடுவோம்.”

கடைசியில் அவள் இறங்கி வந்தாள், ஆனால் சும்மா இறங்கவில்லை. இதை நான் கூடப் பிறந்தவளாக வாங்கவில்லை, நாத்தனார் மதினிக்குச் செய்கிற சீராக வாங்குகிறேன், முறை மாறாது, அத்தான் என்ற சொல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று வைஷாலியிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்த பிறகே கையை நீட்டினாள். எந்த ஊரிலும் நாத்தனார் மதினிக்குச் சீர் செய்ததில்லை என்று இலக்கியா சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

பச்சை எரிந்தது. யோகஸ்ரீ தன் கணவனின் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து கழுகுமலைக்குப் போனாள். மலையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கூட்டத்தில் இடிபட்டாள், ஐஸ் வாங்கித் தின்றாள். அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும்போது, சில்லறை இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பேச்சை வளர்க்கிற நர்ஸ் ஒருத்தியையும் கவனித்து வைத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு மழைக்காலம் தாங்கியது. வைஷாலியின் கணவர் கப்பலிலிருந்து லீவில் வந்து போனார், அவள் கர்ப்பமானாள். அதைக் கேட்டபோதே யோகஸ்ரீக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. இவர்களுக்குக் குழந்தை இல்லை. டாக்டர்கள் தடை சொல்லவில்லை, ஆனாலும் தங்கவில்லை. வாழ்த்துச் சொல்லி, பழம் வாங்கிக்கொடுத்துவிட்டு வந்து, இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாள்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் காலை, கண்ணாடிக் கடை வாசலில் வைஷாலி விரலை வைத்தபோது மஞ்சள் எரிந்தது.

டாக்டர் பெனாசிர் மூன்று பேரையும் தன் அறைக்கு வரவழைத்தார். கணக்கு தப்பிவிட்டது என்றார். இரண்டாவது தடவை எடுத்ததையே வைஷாலியின் உடம்பு தாங்கவில்லை, மீதம் இருந்த நினைவு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிட்டது. அவள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அம்மை கண்டிருக்கிறது.

“கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு அந்தத் தடுப்பூசி போட முடியாது. வேற ஊசி ஒண்ணு இருக்கு, சில வாரம்தான் தாங்கும். அவங்க நினைவு இப்ப ரெண்டு இடத்துலதான் இருக்கு, உங்க ரெண்டு பேர் உடம்புல. எடுத்துச் சுத்தம் பண்ணி வளர்த்தா வைரஸ் எதுவும் கூடப் போகாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா திருப்பிக் கொடுத்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. கேக்க எனக்கு உரிமை இல்ல. கேக்காம இருக்கவும்...”

“சரி டாக்டர்,” என்றான் தருண்பாண்டி. “என்கிட்ட எடுத்துக்குங்க.”

டாக்டர் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. யோகஸ்ரீ திரும்பிக் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அதில் யோசனை இல்லை, பயம் இல்லை. ஒரு புதுச் சட்டை எடுக்க அரை நாள் யோசிக்கிற மனிதன். பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போமே என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

வைஷாலி தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். எச்.ஐ.வி. உள்ளவர் உடம்பிலிருந்து வருகிறது என்று தயங்குவாள், முகம் சுளிப்பாள் என்று யோகஸ்ரீ எதிர்பார்த்தாள். அப்படித் தயங்கியிருந்தால்கூட அவளை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவள் தயங்கவில்லை. போன பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வருது, அவ்வளவுதானே டாக்டர் என்றாள்.

வீட்டுக்குத் திரும்பி வருகிறதாம். யோகஸ்ரீ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“அவுககிட்ட எடுக்க வேண்டாம்,” என்றாள். “என்கிட்ட எடுங்க.”

“யோகா, சும்மா இரு,” என்றான் தருண்பாண்டி. அவன் அவளை அதட்டியது அதுதான் முதல் தடவை. அது போதுமே.

“நான் ஏன் சும்மா இருக்கணும்? இத்தனை வருஷம் அவுக ரத்தத்துல ஊறிக் கிடந்தது அது. இப்ப இன்னொருத்தி உடம்புக்குள்ள போகணுமா? அதுவும் வயித்துல பிள்ளை இருக்கிற நேரத்துலயா? பிறக்கிற பிள்ளை அவுக ஜாடையில இருந்தா நான் அதை எடுத்துக் கொஞ்சணுமா? என்கிட்ட இருக்கிறது அவ எனக்குக் கொடுத்தது. அதை அவளே எடுத்துட்டுப் போகட்டும். அவுக உடம்புல இருக்கிற எதையும் யாரும் தொடக் கூடாது.”

அப்படியெல்லாம் ஜாடை வராது என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அவளுடைய எண்ணிக்கை கணவனுடையதைவிடக் குறைவு, அம்மை வந்தால் தாங்காது, இன்னொரு முத்து கிடைக்கவும் வழியில்லை என்றார். யோகஸ்ரீ கையை மேஜைமேல் நீட்டி வைத்தாள். தருண்பாண்டி எழுந்து வெளியே போய்விட்டான்.

எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் வைஷாலிக்குப் பச்சை எரிந்தது, யோகஸ்ரீக்கு மஞ்சள் எரிந்தது. விஷயம் தெருவில் பரவி, இலக்கியா வந்து கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். இவ்வளவு பெரிய மனசா உனக்கு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வைஷாலி, பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் யோகஸ்ரீ என்றுதான் பெயர் வைப்பேன் என்று சொல்லி அனுப்பினாள். யோகஸ்ரீயோ வாய்விட்டு, பல்லைக் கடித்து, பச்சையாகப் பொறாமையைத்தான் பேசினாள். கேட்டவர்கள் அதைத் தியாகம் என்று எடுத்துக்கொண்டால் அவள் என்ன செய்வாள்?

ஒருவர் மட்டும் பாராட்டவில்லை. தருண்பாண்டி முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தியிருந்தான். சாப்பிட்டான், பஸ்ஸுக்குப் போனான், வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒரு நாள் அவள் தோளைத் தொட்டபோது கையை எடுத்து விலக்கி வைத்தான். கோபம் எதற்கு என்று தனக்குத் தெரியும் என்றுதான் யோகஸ்ரீ நினைத்தாள். வைஷாலிக்குக் கொடுக்க அவன் ஆசைப்பட்டான், இவள் கொடுக்க விடவில்லை. அவ்வளவுதானே. அந்த நினைப்பு வந்ததும் ஜன்னலோரம் போய் நின்றுவிடுவாள்.

அடுத்த மருந்து ஊசிக்குப் போன அன்று டாக்டரிடம் அதைச் சொல்லியே விட்டாள். உசுரையே கொடுத்தாலும் அவுக மனசு அங்கதான் இருக்கு டாக்டர், நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள சரின்னு சொன்னாகளே, பாத்தீங்கல்ல என்றாள்.

டாக்டர் பெனாசிர் கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்தார். 

“உங்களைக் கூப்பிட்டுப் பேசினதுக்கு முந்தின நாள் காலையிலேயே அவர் இங்க வந்துட்டாரும்மா. வைஷாலிக்கு மஞ்சள்னு கேள்விப்பட்டதும் பஸ்ஸை நிறுத்திட்டு நேரா வந்தாரு. உங்ககிட்ட எடுக்கிறதுதான் எங்களுக்குச் சுலபம். புதுசா ஏறினது, சீக்கிரம் பிரியும். அது அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. ‘யோகாகிட்ட மட்டும் கேட்டுறாதீங்க டாக்டர், அவ பிடிவாதத்துக்குக் கொடுத்தாலும் கொடுத்துருவா. அவ பிழைச்சு வந்ததே பெரிசு. நீங்க வாயைத் திறந்ததும் நான் சரின்னு சொல்லிருதேன், பேச்சு அவ பக்கம் போகவே வேண்டாம்’னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு.”

யோகஸ்ரீக்குக் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த இரவுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. டாக்டர் தண்ணீர் எடுத்து நீட்டினார். வாங்கி ஒரு வாய் குடித்தாள், மூக்கை உறிஞ்சினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“டாக்டர்,” என்றாள். “அன்னைக்குக் காலையில அவுக வந்தப்ப, அவ இங்க இருந்தாளா?”